ஆன்டிபயாடிக்: யார் யாரை எதிர்ப்பது?

ஆன்டிபயாடிக்கைத் தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்கிறோம். சரி, அந்த மருந்துக்கே சாகாமல் நிற்கும் பாக்டீரியாவை என்னவென்று சொல்வது? ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு பாக்டீரியா’ என்று எழுதினால், யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று பிடிபடுவதற்குள் அடுப்பில் கோழி வெந்துவிடும்.

மூலச் சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. கிரேக்கத்தில் ‘ஆன்டி’ என்றால் எதிர், ‘பயோஸ்’ என்றால் உயிர். ஓர் உயிர் இன்னோர் உயிரை அழித்துத் தான் பிழைப்பதைக் குறிக்க, 1889இல் பிரான்சின் பால் வியூமன் ‘ஆன்டிபயோஸ்’ என்ற சொல்லை ஆண்டார். 1940களில் அதை மருந்துக்குப் பெயராக்கியவர் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் புகழ் விஞ்ஞானி செல்மன் வாக்ஸ்மன். ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்பதும் புழக்கத்தில் உண்டு. எனக்கு அது அவ்வளவு உவப்பில்லை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது.

இந்த மருந்து கோழிப்பண்ணைக்குப் போன கதைதான் பெரிது. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பது ஒன்று. நோயே இல்லாமல், சீக்கிரம் எடை கூடட்டும் என்று தீவனத்தில் தினமும் கொஞ்சம் கலப்பது வேறு. இந்த இரண்டாவது பழக்கம் 1950 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது. மருந்து சிறுகச் சிறுகப் போகும்போது எளிதில் சாகிற பாக்டீரியா சாகும். தாக்குப்பிடிப்பது மிஞ்சிப் பெருகும்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாருங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் ஒதுக்கிவைத்து, மற்ற மருந்துகள் பலிக்காத நோயாளிக்குக் கடைசிக் கையிருப்பாகத் திரும்ப எடுத்த மருந்து. அதையேதான் பண்ணைகளில் தீவனத்தில் கலந்தார்கள். 2015இல் சீனாவில் பன்றிகளிலும் கோழிக்கறியிலும் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. கொலிஸ்டினுக்குத் தப்பும் திறனை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிட அது போதும். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

மறுபடி சொல்லுக்கு வருவோம். ‘நோய் எதிர்ப்பு’ நமக்கு நல்ல சொல். உடம்புக்கு இருக்க வேண்டியது. அதே ‘எதிர்ப்பு’ கிருமிக்கும் போனால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் கேட்டபோது, மருந்துக்குப் பழகிப்போவது உடம்புதான் என்று 76 விழுக்காட்டினர் நினைத்தார்கள். பழகிப்போவது உடம்பல்ல, பாக்டீரியா.

வீட்டில் நாம் ‘காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கல’ என்கிறோம் இல்லையா? அந்தப் பேச்சிலேயே சொல் இருக்கிறது: மருந்துக்குக் கேட்காத கிருமி. ‘மருந்து கேளாமை’ என்று சுருக்கலாம். காது மந்தம் என்று யாராவது நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அப்படியே நினைத்தாலும் பெரிய தவறில்லை! எந்த மருந்துக்கு என்று சொல்லவும் இதில் இடம் இருக்கிறது: ‘கொலிஸ்டினுக்குக் கேட்காத ஈ.கோலி’ (ஈ.கோலி குடலில் வாழும் ஒரு பாக்டீரியா). அதுவும் அடுப்புச் சூட்டுக்குக் கேட்கும்; ஆனால் பச்சைக்கறி நறுக்கிய பலகையைக் கழுவாமல் அதிலேயே சாலட்டுக்கு வெங்காயம் நறுக்கினால், அது அடுப்புக்கே போகாமல் தட்டுக்கு வந்துவிடும்.