உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

போன வாரம் ஒரு தம்பி பழைய எழுத்து மேசை ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்பலகையைச் சாய்த்து இறக்கினால் எழுதும் பலகையாகிவிடும், அந்த வகை. உள்ளே சின்னச் சின்ன அறைகள், நடுவில் ஒரு குட்டிக் கதவு. யாரோ காலி செய்த வீட்டில் வாங்கியதாம். "ரெண்டு நாளா உட்கார்ந்து தேய்ச்சிருக்கேன் அண்ணே. பாலிஷ் மட்டும் போட்டுக் கொடுங்க, வித்துடலாம்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். முன்பலகை முழுக்க சாண்டிங் மெஷின் ஓடிய வட்டக் கீறல்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெனீரே (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) இல்லை, அடியில் இருந்த வெளிறிய மரம் தெரிந்தது. கூராக இருந்திருக்க வேண்டிய ஓரங்கள் கரைந்த சோப்புக் கட்டி போல உருண்டிருந்தன. இந்த மாதத்தில் என்னிடம் இப்படி வருவது இது மூன்றாவது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பூட்டைச் சுற்றியிருந்த பித்தளைத் தகட்டை ஒட்டி, மெஷின் நுழைய முடியாத மூலையில், நகக்கண் அளவுக்குப் பழைய பூச்சு தப்பியிருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சில் தொட்டு, அந்த இடத்தை மட்டும் துடைத்தேன். (அருவருப்பாக நினைக்க வேண்டாம். அருங்காட்சியகங்களில் வேலை செய்பவர்களும் இதைச் செய்கிறார்கள். எச்சிலில் உள்ள நொதிகள் பழைய அழுக்கை மெதுவாக இளக்கும், பூச்சைத் தொடாது.) கறுப்பாக அழுக்கு வந்தது. அடியில் கருந்தேன் நிறம், உள்ளிருந்து வெளிச்சம் வருவது மாதிரி. அப்புறம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நொடி வைத்தேன், பிசுபிசுத்தது. அரக்குப் பூச்சுதான். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேசை முழுவதும் அப்படித்தான் இருந்திருக்கும். துடைத்து, மேலே ஒரு கை அரக்கு ஏற்றியிருந்தால் போதும். அவர் வெகுநேரம் பேசவே இல்லை.

பழைய பாலிஷை எடுத்தால்தான் மரத்தின் நிஜ அழகு வெளியே வரும், புதுசு மாதிரி ஆனால்தான் நல்ல விலை போகும் என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. எங்கிருந்து வந்ததோ தெரியாது. வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். இது தவறு, முழுக்கத் தவறு. புது மேசை வேண்டுமென்பவர் புது மேசையே வாங்கிக்கொள்வார். பழையதைத் தேடி வருபவர் அதன் மேற்பரப்புக்குத்தான் காசு கொடுக்கிறார். நூறு வருஷம் வெளிச்சம் பட்டு, கை பட்டு, மெழுகு பட்டு உண்டான நிறம் மரத்தின் ஆழம் வரைக்கும் இருக்காது. மேலே மெல்லிய ஒரு படலத்தில்தான் இருக்கும். உப்புத்தாள் முதலில் தின்பது அதைத்தான். அதற்கப்புறம் எந்தச் சாயத்தைப் பூசினாலும் அந்த நிறம் திரும்பாது. எனக்கும் திரும்பாது, வேறு எந்தக் கைதேர்ந்த ஆசாரிக்கும் திரும்பாது. சாயம் மரத்தின் நுண்துளைகளில் இறங்கித் தட்டையாக உட்காரும். காலம் கொடுத்த நிறம் அப்படி உட்காராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

வெனீர் இருந்தால் இன்னும் மோசம். கையால் அறுத்த பழைய வெனீர் ஒன்றரை, இரண்டு மி.மீ. இருக்கும். இயந்திரத்தில் சீவிய பிற்கால வெனீர் பெரும்பாலும் ஒரு மி.மீ. கூட வராது. சாண்டிங் மெஷினுக்கு அது ஒரு நிமிஷ வேலை.

சரி, அழுக்காக இருக்கிறதே, பூச்சு வெடித்திருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் அது என்ன பூச்சு என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். இளகினால் அரக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 1920கள் வரை நல்ல சாமான்களில் பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் யாரோ பிற்காலத்தில் பாலியூரித்தேன் பூசியிருக்கலாம். அரக்கின் பெருமை என்னவென்றால், புதுப்பூச்சு பழையதை லேசாகக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அதனால் உரிக்க வேண்டிய அவசியமே அநேகமாக வராது. உரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை எனக்கே எப்போதாவதுதான் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்பிரேயை அடித்துவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள். அது மரத்துக்குள் இறங்கிவிட்டால் அடுத்து போடுகிற பூச்சு மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். அதைச் சரி செய்யவே நாள்கணக்கில் போகிறது.

தேய்ப்பதில் போவது நிறம் மட்டும் இல்லை. போன வருஷம் ஒருவர் வளைத்த மரத்தில் செய்த நாற்காலி கொண்டுவந்தார், பிரம்பு பின்னிய இருக்கை. வளைத்த மர நாற்காலிகளுக்குப் பேர்போன ஐரோப்பியத் தச்சர் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் அதே வடிவம். ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். 1869இல் தோனெட்டின் காப்புரிமை முடிந்ததும் பலரும் இதே நாற்காலியைச் செய்ய ஆரம்பித்தார்கள். அதனால் யார் செய்தது என்பதற்கு இருக்கை வளையத்தின் உட்புறத்தில் இருக்கும் முத்திரையும் காகித லேபிளும்தான் முக்கியச் சாட்சி. இவர் அந்த உட்புறத்தையும் விடாமல் தேய்த்திருந்தார். "ஏதோ கிழிஞ்ச பேப்பர் ஒட்டியிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார். அது என்ன பேப்பர் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. யாரும் பார்க்காத அடிப்பக்கம், பின்பலகை, டிராயரின் உட்புறம் இதிலெல்லாம் தயவுசெய்து கை வைக்காதீர்கள். ஆசாரி பென்சிலில் போட்ட எண், சுண்ணக்கட்டிக் குறி, பழைய சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வாங்கப் போகும்போதும் அங்கேதான் பார்க்க வேண்டும். எல்லோரும் மேற்பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு விலை பேச ஆரம்பிக்கிறார்கள். டிராயரை முழுதாக வெளியே உருவுங்கள். டவ்டெயில் மூட்டின் (புறா வால் போல விரிந்த பற்களைக் கோத்துச் சேர்க்கும் மூலை மூட்டு) பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் கையால் வெட்டியது. எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் இயந்திரம், அதாவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியோ அதற்குப் பிறகோ. பின்பலகையில் வில் போல வளைந்த ரம்பக் கோடுகள் இருந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 1840களின் பிற்பாதிக்கு முந்தைய ஸ்க்ரூவுக்குக் கூர்முனை இருக்காது, மொட்டையாக முடியும். தலையில் கூட்டல் குறி போல வெட்டு இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் வந்தது. "இருநூறு வருஷத்துச் சாமான்" என்று விற்பவர் சொல்லும் பெட்டியில் துருப்பிடித்த ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், அது பிற்காலத்தில் யாரோ போட்டதா, பெட்டியே பிற்காலத்ததா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்.

வட்ட மேசை என்றால் டேப்பை எடுத்து மர ரேகையின் நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து பாருங்கள். மரம் ரேகையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்காகத்தான் சுருங்கும். அதனால் ஒற்றை மரப் பலகைகளைச் சேர்த்துச் செய்த பழைய வட்ட மேசை இப்போது சுத்தமான வட்டமாக இருக்காது. ரேகைக்குக் குறுக்கே சில மி.மீ. குறைந்திருக்கும், சில சமயம் ஒரு செ.மீ. கூட. இரண்டு அளவும் துல்லியமாக ஒன்றே என்றால் எனக்குச் சந்தேகம் வரும். கைப்பிடிக்குப் பக்கத்தில் அடைத்த ஓட்டைகளும், வேறு வடிவத்தில் மங்கலான நிழலும் தெரிந்தால் கைப்பிடி மாற்றியிருக்கிறார்கள். மேல் அலமாரி ஒரு மரம், கீழ்ப்பகுதி வேறு மரம், பின்பலகை வேறு வேறு அகலம் என்றால் இரண்டு சாமான்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். வாங்கக்கூடாது என்றில்லை. அதற்கேற்ற விலைக்கு வாங்குங்கள்.

பொடிப்பொடியான ஓட்டைகள் இருந்தால் ஒரு கறுப்புத் தாளை அடியில் விரித்து, லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பு கூராக, உள்ளே வெளிர் நிறமாக இருந்து, புது மாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. இதன் புழு பல வருஷம் மரத்துக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும், வெளியே எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட சாமானை மற்ற சாமான்களோடு ஒரு நாள்கூட வைக்காதீர்கள், பாலித்தீனில் இறுக்கமாகச் சுற்றித் தனியே வையுங்கள். சின்னச் சாமானை அப்படியே சுற்றி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் போதும். பெரியதைப் பூச்சி மருந்து தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனி சொல்வது உடம்பு சம்பந்தப்பட்டது. இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

பெயின்ட் அடித்த பழைய சாமானைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில், முக்கியமாக வெள்ளையில், காரீயம் இருக்கும். 1970களுக்கு முந்தையது என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கும் பட்டைகள் கிடைக்கின்றன. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் அந்தத் தூசி நிற்காது. சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வந்து, தரையில் தவழும் குழந்தையின் கைக்குப் போய், அங்கிருந்து வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நஞ்சு அது. வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பமான பெண்ணோ இருந்தால், அந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பெயின்ட் உரிக்கும் மருந்து வாங்கினால் டப்பாவில் டைகுளோரோமீத்தேன் அல்லது மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும், உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியல் தொட்டியின் பழைய பூச்சை இதை வைத்து உரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அங்கேயே இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதை வீட்டு உபயோகத்துக்குப் பெயின்ட் நீக்கியாக விற்பதை 2019இல் தடை செய்தார்கள். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுப்பதும் வேண்டாம். வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பழைய பசை) போட்டு ஒட்டிய மூட்டுகள் எல்லாம் விட்டுப்போகும், மரம் நார் நாராக எழும்பும்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள். ஒரு நாளும் மறக்காதீர்கள்.

ஆடுகிற மூட்டை ஒட்ட எபாக்சியும் வெள்ளைப் பசையும் ஊற்றாதீர்கள். வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், அடுத்து வருகிறவர் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். எபாக்சி போட்ட நாற்காலியைப் பிரிக்கப்போனால் கால்தான் உடைகிறது.

விற்கும்போது என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லி விற்றுவிடுங்கள். எது பழையது, எது நீங்கள் மாற்றியது, எதைப் புதிதாகப் பூசினீர்கள், எல்லாம். வேலைக்கு முன் எடுத்த படங்களையும் கூடவே கொடுங்கள். யானைத் தந்தம் பதித்தது, ரோஸ்வுட் இதெல்லாம் நாடு விட்டு நாடு போக வேண்டுமென்றால் சைட்ஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) விதிகளைப் பார்க்காமல் பேசவே கூடாது. ரோஸ்வுட் மரங்கள் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் அந்த ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட் மேல் அதற்கு முன்பே, 1992இலிருந்து, இன்னும் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

தம்பியின் மேசையை நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. ஒரு வாரமாக அவரையே பக்கத்தில் உட்கார வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம். முன்பலகைக்கு அதே ரேகையில் பழைய வெனீர் ஒன்று என்னிடம் கிடந்தது, அதை ஒட்டியாகிவிட்டது. டிராயர்களை அவர் தேய்க்காமல் விட்டிருந்தார், அவற்றைத் துடைத்ததோடு சரி. உள்ளே வைக்கப் போகும் சீட்டை நேற்று அவர் கையாலேயே பென்சிலில் எழுதினார்: முன்பலகை வெனீர் மாற்றியது, வெளிப்பூச்சு முழுவதும் புதிது, டிராயர், பூட்டு, பித்தளைத் தகடு, பின்பலகை பழையபடி.