சிறுநீரகத் தழும்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது எப்படி?

இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு சரியாக இருக்கும்போதே சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் எனப்படும் நுண் வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. சில அழிந்தாலும் எஞ்சியவை கூடுதலாக வடிகட்டி ஈடுசெய்வதால், வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் வரைகூட கிரியேட்டினின் இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும்.

சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ நெஃப்ரான்களிலுள்ள நுண்குழல்களின் செல்களைத் தொடர்ந்து காயப்படுத்தும்போது, அருகிலுள்ள நார்ச்செல்களும் நுண்நாளங்களைத் தழுவியிருக்கும் பெரிசைட்டுகளும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் என்னும் தழும்பு உண்டாக்கும் செல்களாக மாறிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சுரக்கின்றன. உடலில் எந்தக் காயமும் ஆறும் வழி இதுதான். ஆனால் ஆறிய காயத்தில் இச்செல்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. நாட்பட்ட சிறுநீரக நோயில் அவை ஓய்வதில்லை.

ஏன் ஓய்வதில்லை என்பதற்கான விடைகளில் ஒன்று என்னை எப்போதும் வியக்க வைப்பது. மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைத் தூண்டும் முதன்மைப் புரதமான டிஜிஎஃப்-பீட்டா, செல்லிலிருந்து வெளிவரும்போதே வேலையைத் தொடங்குவதில்லை. மற்றொரு புரதம் அதைச் சுற்றிப் பூட்டியிருக்க, அந்தப் பூட்டோடு சேர்த்துச் செல்களுக்கு இடையிலுள்ள நார்வலையில் அது கட்டி வைக்கப்படுகிறது. செல் தன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்களால் அந்தப் பூட்டைப் பற்றி இழுத்தால்தான் அது திறக்கும். நார்வலை மென்மையாக இருந்தால், சேற்றில் நட்ட கம்பில் கட்டிய கயிற்றை இழுப்பதுபோல வலையே வளைந்து கொடுத்துவிடும்; பூட்டு திறக்காது. வலை விறைத்திருந்தாலோ அதே இழுப்புக்குப் பூட்டு திறந்து, டிஜிஎஃப்-பீட்டா விடுபட்டு, மேலும் கொலாஜன் சுரந்து, வலை இன்னும் விறைக்கிறது. போரிஸ் ஹின்ஸ் குழுவினர் 2007இல் நுரையீரல் செல்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். தொடக்கக் காயத்தின் விளைவாக வந்த விறைப்பு, பிறகு தானே காரணமாகிவிடுகிறது.

லைசில் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி கொலாஜன் இழைகளைக் குறுக்காகப் பிணைத்து இந்த வலையை மேலும் இறுக்குகிறது. இவ்வாறு பிணைந்த கொலாஜனைச் 'சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்' பொடிகள் கரைத்துவிடும் என்று விளம்பரம் செய்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இன்றுவரை தழும்பை நேரடியாகக் காட்டுவது ஊசியால் சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான். ஆனால் அதை அடிக்கடி செய்ய இயலாது, எடுத்த துண்டும் முழு உறுப்பைப் பிரதிபலிக்காமல் போகலாம். சிறுநீரில் ஆல்புமின் என்னும் இரத்தப் புரதம் கசிவது வடிகட்டியின் சேதத்தைச் சொல்கிறதே தவிர, தழும்பின் அளவைச் சொல்வதில்லை. ஆகவே கொலாஜன் உருவாகும்போது உதிரும் துணுக்குகளையே ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். ஆறாம் வகைக் கொலாஜனிலிருந்து வரும் புரோ-சி6 அவற்றுள் ஒன்று. சிகேடி273 என்னும் சோதனை சிறுநீரிலுள்ள 273 பெப்டைடுகளை (சிறு புரதத் துணுக்குகளை) ஒருசேர அளக்கிறது. அவற்றுள் பல கொலாஜன் துணுக்குகள். வியப்பு என்னவென்றால், நோய் முற்றும்போது அத்துணுக்குகளில் பல சிறுநீரில் கூடுவதில்லை, குறைகின்றன: கொலாஜன் சிதைக்கப்படாமல் திசுவிலேயே தங்கிவிடுவதை இது உணர்த்துவதாகக் கருதப்படுகிறது.

இப்படி நோயின் நிலையைக் காட்டும் புதிய குறியீடு ஒன்றைக் கண்டறிவதற்குக் கிடைக்கும் நிதி, பழைய குறியீட்டைப் பல்லாயிரம் நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் சரிபார்ப்பதற்குக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை. டிஜிஎஃப்-பீட்டாவை முடக்கும் எதிர்ப்புரதம் ஒன்று, சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் பயன் தராததால் அந்தச் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அத்தகைய மருந்துச் சோதனைகளில், கிரியேட்டினின் அசையும் வரை காத்திராமல், தழும்பின் வேகம் குறைந்ததா என்பதைச் சில மாதங்களில் சொல்லக்கூடிய குறியீடுதான் முதலில் தேவைப்படுகிறது.