அமெரிக்கப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு: யாருக்கு இலவசம், யாருக்குக் கடன்?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. பல ஊர்களில் மஞ்சள் பேருந்துக்கும் காசில்லை. மதியச் சாப்பாடு மட்டும் வேறு கணக்கு. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகரும் பிள்ளை, கடைசியில் ஒரு கல்லாவைத் தாண்டித்தான் மேசைக்குப் போக முடியும். தன் எண்ணைத் தட்டியதும் திரையில் கணக்கு வந்துவிடும்: இலவசமா, சலுகை விலையா, முழு விலையா, பழைய பாக்கி எவ்வளவு. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் வீட்டு நிலைமை தினமும் ஒருமுறை எட்டிப்பார்க்கும் இடம் அது.

இதை நடத்துவது ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம். 1946-இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. பிள்ளைகளின் நலத்தையும் விவசாய விளைபொருளை உள்நாட்டிலேயே விற்பதையும் அந்தச் சட்டம் ஒரே மூச்சில் சொல்கிறது; அதற்கு அது கொடுக்கும் பெயர் தேசப் பாதுகாப்பு. இன்று ஒரு பள்ளி நாளில் சுமார் 3 கோடிப் பிள்ளைகள் இதில் சாப்பிடுகிறார்கள்.

யாருக்கு எவ்வளவு என்பதை வீட்டு வருமானம் தீர்மானிக்கிறது. ஃபெடரல் வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை என்றால் இலவசம். 130-க்கு மேல் 185 வரை சலுகை விலை: மதியச் சாப்பாட்டுக்கு அதிகபட்சம் 40 சென்ட், காலை உணவுக்கு 30 சென்ட். அதற்கு மேல் போனால் பள்ளி வைத்ததுதான் விலை. 2025-26 கல்வியாண்டில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு (அலாஸ்கா, ஹவாய் தவிர) இலவசத்துக்கான வரம்பு ஆண்டுக்கு 41,795 டாலர், சலுகைக்கு 59,478 டாலர். வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். கைக்கு வருவதை அல்ல.

59,500 டாலர் சம்பாதிக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு டாலர் கூடுதல், அவ்வளவுதான். சாப்பாடு 3 டாலர் என்று வைத்துக்கொண்டால், 180 பள்ளி நாளுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு 1,080 டாலர். வாடகை எகிறிக்கிடக்கும் நகரத்துக்கும் சின்னக் கிராமத்துக்கும் ஒரே கோடு என்பது இன்னொரு கூத்து. பாக்கி வைப்பவர்களில் பலர் பரம ஏழைகள் இல்லை. கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்கள், அப்புறம் தகுதி இருந்தும் சலுகை கேட்டு வருமானப் படிவம் நிரப்பாதவர்கள்.

இலவசச் சாப்பாடு வாங்கும் பிள்ளையைத் தனி வரிசையில் நிறுத்தக்கூடாது, தனி டோக்கன் கொடுக்கக்கூடாது என்று ஃபெடரல் விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பாக்கி வைத்த பிள்ளைக்கு வெகுகாலம்வரை அந்தக் கவசம் கிடைக்கவே இல்லை. சூடான தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆறிய ரொட்டிக்கு நடுவே ஒரு சீஸ் துண்டு வைத்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 2014-இல் சால்ட் லேக் சிட்டியின் ஒரு தொடக்கப் பள்ளியில் சுமார் 40 பிள்ளைகளிடமிருந்து தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினார்கள். ஒருமுறை பரிமாறிய சாப்பாட்டை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பது காரணமாம்! இப்படிச் சிறுமைப்படுத்துவதைத் தடைசெய்து முதலில் சட்டம் போட்ட மாநிலம் நியூ மெக்சிகோ, 2017-இல். அதன்பின் வேறு சில மாநிலங்களும் வந்தன. பாக்கி வந்தால் என்ன செய்வோம் என்று பள்ளிகள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என, திட்டத்தைக் கவனிக்கும் ஃபெடரல் வேளாண் துறையும் அதே ஆண்டு கட்டாயமாக்கியது. என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் ஊர் ஊருக்கு விட்டுவிட்டது.

சரி, படிவமே இல்லாமல் எல்லோருக்கும் போட முடியாதா? முடியும், ஒரு வழி இருக்கிறது. 2010 சட்டம் கொண்டுவந்து, 2014-15 முதல் நாடு முழுவதும் திறந்த சமூகத் தகுதி ஏற்பாடு அது. ஸ்னாப் (ஏழை வீடுகள் உணவு வாங்க அரசு தரும் உதவி, பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப்) போன்ற உதவி பெறும் வீட்டுப் பிள்ளைகள், பெற்றோரைப் பிரிந்து அரசின் பொறுப்பில் வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள், வீடற்றவர்கள் ஆகியோர் அரசுப் பட்டியல்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிவம் தேவையில்லை. இப்படிப் பட்டியலில் அகப்படும் பிள்ளைகள் குறைந்தது 25 சதவீதம் இருந்தால், அந்தப் பள்ளி எல்லோருக்கும் இலவசமாகப் பரிமாறலாம். 2023 வரை இந்த வரம்பு 40 ஆக இருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. சூட்சுமம் ஒரு பெருக்கலில் இருக்கிறது. பட்டியல் சதவீதத்தை 1.6-ஆல் பெருக்கி வரும் பங்குக்குத்தான் அரசு இலவச விகிதத்தில் பணம் தரும். 500 பேர் உள்ள பள்ளியில் 200 பேர் பட்டியலில் என்றால் 40 சதவீதம், பெருக்கினால் 64. மீதி 36 சதவீதச் சாப்பாட்டுக்குச் சில்லறை மாதிரி ஒரு தொகைதான் வரும். குறைவதைப் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) ஃபெடரல் பணம் அல்லாத வேறு காசில் ஈடுகட்ட வேண்டும். 62.5 சதவீதத்தைத் தொட்டால்தான் முழுப் பணம். ஆக, மிக ஏழைப் பகுதியின் பள்ளிக்கு இது சுலபம். பாதி ஏழை, பாதி நடுத்தரம் என்றிருக்கும் பள்ளி தகுதி இருந்தும் தயங்கும். 2025 ஜூலையில் வந்த சட்டம் ஸ்னாப் விதிகளை வேறு இறுக்கியிருக்கிறது. குடும்பங்கள் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்தால், பள்ளியின் சதவீதமும் கூடவே இறங்கும்.

கொரோனா காலத்தில் ஃபெடரல் அரசு விதிகளைத் தளர்த்தியதால் பெரும்பாலான பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2022 ஜூனோடு அது முடிந்தது. அப்புறம் கலிஃபோர்னியா, மேய்ன், கொலராடோ, மின்னசோட்டா, நியூ மெக்சிகோ, வெர்மாண்ட், மிச்சிகன், மாசசூசெட்ஸ் ஆகியவை சொந்தப் பணம் போட்டுத் தொடர்கின்றன. 2025-26-இல் நியூயார்க்கும் சேர்ந்தது. மாநில எல்லையைத் தாண்டி வீடு மாறினால் பிள்ளையின் சாப்பாட்டு உரிமையும் மாறிவிடும்.

இந்த மாநிலங்களில் இருந்தாலும் பள்ளி வருமானப் படிவம் அனுப்பினால் குப்பையில் போடாதீர்கள். ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண, பல இடங்களில் சாப்பாட்டுக் கணக்குதான் அளவுகோல். ஏழைப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியருக்கும் தனிப் பயிற்சிக்கும் வரும் டைட்டில் ஒன் நிதியைப் பள்ளிகளுக்குள் பிரிக்கும்போதும் பெரும்பாலும் அதையே பார்ப்பார்கள்.

படிவம் பற்றிச் சில நடைமுறைகள். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், பிள்ளைக்கொன்று வேண்டாம். வருமானத்தையும் செலவையும் பகிர்ந்து ஒன்றாக வாழும் எல்லோரும் கணக்கில் வருவார்கள், தங்கியிருக்கும் பாட்டியும் சேர்த்து. குடியுரிமை, விசா நிலை எதுவும் கேட்க மாட்டார்கள். பெரியவர் ஒருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணில் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள். எண் இல்லையென்றால் 'இல்லை' என்று குறித்தால் போதும். ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்கலாம். வேலை போய்விட்டால் மறுநாளே கொடுக்கலாம். பத்துப் பள்ளி நாளுக்குள் பதில் வர வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு உண்டு. சில விண்ணப்பங்களை எடுத்துச் சரிபார்ப்பார்கள்; அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் சலுகை போய்விடும்.

பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்: போன வருட ஒப்புதல் புதிய ஆண்டின் முதல் 30 பள்ளி நாள்வரை தானாக நீளும். ஆகஸ்டில் இலவசமாகச் சாப்பிட்ட பிள்ளை, புதிய படிவம் போகாததால் அக்டோபர் வாக்கில் முழு விலைக்கு மாறியிருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது, கல்லாத் திரைக்கு மட்டும் தெரியும். அதன்பின் படிவம் கொடுத்தாலும் நடுவில் ஏறிய பாக்கி தானாக அழியாது. அதனால் படிவத்தை ஆகஸ்டிலேயே, பள்ளி திறக்கும் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.