வாசகர் வரமுடியாவிட்டால் புத்தகம் போகலாம்: முதியோர் இல்லம், சிறை, வீடு மூன்றுக்கும் நூலகச் சேவை கேட்பது எப்படி

போன வருடம் தென்மராட்சியில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த ஐயா ஒருவர் அன்றைய பேப்பரை என் கையில் தந்து, "பிள்ளை, முதல் மரண அறிவித்தலை வாசி. ஆர் ஆர் போயிட்டினம் எண்டு தெரிஞ்சால்தான் மிச்சச் செய்தி மனசிலை ஏறும்" என்றார். வாசித்து முடித்த பிறகு, கதைப் புத்தகம் ஏதும் கிடைக்குமோ என்று கேட்டார். இல்லத்தில் ஒரு புத்தக அலுமாரி இருந்தது, பூட்டியிருந்தது. திறப்பைத் தேடிப் பிடித்துத் திறந்தால், யாரோ வீடு துப்புரவாக்கியபோது கொண்டுவந்து குவித்த சாதாரணதரக் கடந்தகால வினாத்தாள்களும் கணக்கியல் புத்தகங்களும். ஐயா நாற்பது வருடம் நூலக உறுப்பினராக இருந்தவர். கால் இயலாமல் போன வருடத்தோடு அட்டையும் போய்விட்டது.

அங்கிருந்து பொது நூலகம் ஓட்டோவில் பத்து நிமிடம். நூலகம் அந்த இல்லத்துக்கு வரலாமா, யார் கேட்க வேண்டும், என்னவென்று கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"முதியோர் இல்ல நூலகத் திட்டம்" என்று தலைப்புப் போட்ட விண்ணப்பப் படிவத்தைத் தேடி அலைய வேண்டாம். இதற்கான உரிமை ஒரே இடத்தில் இல்லாமல் பல சட்டங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்த்தால் ஒரு நல்ல கடிதம் எழுதப் போதும்.

யாரிடம் கேட்பது என்பது முதல் விசயம். இலங்கையில் பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள். மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கின்றன. யாழ் மாவட்டத்தில் இப்படி 17 சபைகள்: ஒரு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என்று மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை கொழும்பிலிருந்து வழிகாட்டலும் பயிற்சியும் கொடுக்கும். ஆனால் உங்கள் ஊர் நூலகத்தின் வாகனம், எரிபொருள், ஆளணி எல்லாம் உங்கள் சபையின் கையில். ஆகவே நூலகரிடம் வாயால் கேட்டுவிட்டு வந்தால் காரியம் நடக்காது. அவருக்கு மனம் இருந்தாலும் கையெழுத்து வேறொருவருடையது. கடிதம் சபையின் செயலாளருக்கு, மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு, பிரதி நூலகருக்கு.

கடிதத்தில் எதைச் சொல்லலாம்? 60 வயதைத் தாண்டியவர்களை மூத்தோர் என்று வரையறுத்து அவர்களுக்கென வந்தது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2011இல் திருத்தப்பட்டது. அதைவிட நேரடியாக உதவக்கூடியது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். மற்றப் பொதுமக்கள் போய்வரக்கூடிய ஒரு கட்டடத்தையோ இடத்தையோ மாற்றுத்திறனாளி ஒருவர் பயன்படுத்துவதற்கு, அவருடைய இயலாமையைக் காரணம் காட்டி நிபந்தனையோ தடையோ போடக்கூடாது என்கிறது அது. 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் சாய்தளம், கைபிடி போன்றவற்றைப் பேசுகின்றன. வாசலில் ஐந்து படி வைத்திருக்கும் நூலகம் சக்கர நாற்காலியில் வருபவருக்கு என்ன பதில் சொல்லும்? ஒன்றில் சாய்தளம் கட்டவேண்டும், இல்லையென்றால் புத்தகத்தை வெளியே கொண்டுவரவேண்டும். சர்வதேச மட்டத்தில் யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலகப் பிரகடனம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் சிறையிலும் இருப்பவர்கள் உட்பட, வழமையான சேவையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு விசேட சேவை கொடுக்கவேண்டும் என்று 1994ஆம் ஆண்டுப் பதிப்பும் 2022ஆம் ஆண்டுப் பதிப்பும் சொல்கின்றன. இது நீதிமன்றத்தில் காட்டி வெல்லக்கூடிய சட்டமில்லை. ஆனால் நூலகவியல் படித்த எந்த நூலகருக்கும் இது பாடமாக இருந்தது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் அவர் முகம் மலரும்.

பிணை என்ற முள்ளு

சட்டத்தில் பெரிய தடை இல்லை. தடை இருப்பது அங்கத்துவப் படிவத்தில். பல நூலகங்களில் உறுப்பினராகச் சேர, அந்தச் சபை எல்லைக்குள் ஆதனவரி கட்டும் ஒருவர் பிணை நிற்கவேண்டும். புத்தகம் தொலைந்தால் அவர் பொறுப்பு. ஊரில் வீடு வளவோடு இருக்கும்வரை இது பெரிய காரியமில்லை. பக்கத்து வீட்டு அண்ணர் கையெழுத்து வைப்பார். வளவைப் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு, பிள்ளைகள் கனடாவில் இருக்க, தான் இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஊரில் யார் பிணை? சிறையில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இதற்கு வழி, ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்க்கப் பார்க்காமல் நிறுவனத்தையே இரவல் வாங்குபவராகச் சேர்ப்பது. இல்லத்தின் முகாமையாளர் ஒரு பெட்டி புத்தகத்துக்குக் கையெழுத்து வைக்கிறார். நாற்பது புத்தகம், ஒரு பட்டியல், இரண்டு மாதம். யார் எந்தப் புத்தகத்தை வாசிக்கிறார் என்பதை இல்லத்துக்குள்ளே ஒரு சிஆர் கொப்பியில் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு மாதம் கழிய நூலகம் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கிறது. நூலகத்தின் கணக்கில் அது ஒரே ஒரு பதிவு.

கடிதத்தில் இதை இப்படியே கேளுங்கள். "நூலக சேவை வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்" என்று முடித்தால், அன்பளிப்பு கேட்கிறார்கள் என்று நினைத்து, கழிக்க வைத்திருந்த பழைய புத்தகங்களை ஒரு விழா வைத்துத் தந்துவிடுவார்கள். படம் எடுப்பார்கள், அலுமாரி மறுபடி பூட்டப்படும். வேண்டியது மாறி மாறி வரும் இரவல் பெட்டி. எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் தாங்களே வாசிப்பார்கள், எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டவேண்டும், இல்லத்தில் பொறுப்பெடுப்பவர் யார், எந்தக் கிழமை எந்த நேரம் வசதி: இந்த ஐந்தும் கடிதத்தில் இருக்கட்டும். தொலையும் புத்தகத்துக்கு என்ன செய்வது என்பதையும் முதலே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நூறு புத்தகத்துக்கு இரண்டு மூன்று போகத்தான் செய்யும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஓர் இரவில் 97,000 புத்தகங்களைப் பறிகொடுத்த ஊர் இது. புத்தகம் தொலைவது என்றால் நமக்கு நெஞ்சு பதறுவது விளங்குகிறது. ஆனால் ஒரு கிழவி தலையணைக்குக் கீழே வைத்து மறந்த புத்தகத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சபைகள் அடுத்த வருடத்துப் பாதீட்டை வருடக் கடைசியில் நிறைவேற்றுகின்றன. அதனால் கடிதம் செப்டெம்பருக்குள் போய்ச் சேர்வது நல்லது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம்; நூலகங்கள் எப்படியும் அந்த மாதம் வெளியே போய் ஏதாவது செய்யத்தான் வேண்டும். அந்த மாதத்தில் ஒரு முறை வரவழைத்துவிட்டு, "அடுத்தது டிசெம்பரில் எப்போது?" என்று அங்கேயே கேட்டுத் திகதி வாங்கிவிடுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தரிடம், நூலக விரிவாக்கச் சேவைக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை முறை வெளியே போனீர்கள் என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். இதைச் சண்டையாக எடுக்கத் தேவையில்லை. கேள்வி போன பிறகு பல பைல்கள் தானாக அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

சிறைக்குள்

சிறை வேறு உலகம், வேறு திணைக்களம். நூலகம் தானாக உள்ளே போகமுடியாது. சிறைச்சாலை அத்தியட்சகரின் அனுமதி வேண்டும், நடைமுறையில் நலன்புரி உத்தியோகத்தர் ஊடாகப் பேசுவது சுலபம். 2015 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, மண்டேலாவின் பெயரால் அழைக்கப்படும் கைதிகள் தொடர்பான விதிகளில் 64ஆவது, ஒவ்வொரு சிறையிலும் எல்லா வகைக் கைதிகளுக்கும் பயன்படும் ஒரு நூலகம் இருக்கவேண்டும், பொழுதுபோக்குப் புத்தகமும் அறிவுப் புத்தகமும் போதியளவு இருக்கவேண்டும் என்கிறது. "எல்லா வகை" என்ற சொல் முக்கியம். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி தீர்ப்பு வராத விளக்கமறியல்காரர். நாள் முழுக்க வேலையும் இல்லை, எப்போது வெளியே வருவோம் என்ற கணக்கும் இல்லை. அவர்களுக்கென்று 117ஆவது விதி தனியாக இருக்கிறது: தங்கள் செலவிலோ வேறொருவர் செலவிலோ புத்தகம், பத்திரிகை, எழுதும் சாமான்கள் பெற்றுக்கொள்ளலாம், சிறையின் பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் இடைஞ்சல் இல்லாதவரை.

இந்த "இடைஞ்சல்" என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. வாசலில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆகவே பெட்டி கட்டும்போதே ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பாருங்கள். பழைய பற்றுச்சீட்டு, யாரோ எழுதிய தொலைபேசி இலக்கம், கம்பிக் கிளிப் எதுவும் இருக்கக்கூடாது. ஓரத்தில் பேனையால் குறிப்பு எழுதிய புத்தகத்தை விட்டுவிடுங்கள். தலைப்புப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால் வாசலில் தகராறு குறையும். என்ன புத்தகம் என்றால், சாதாரணதரப் பரீட்சையைச் சிறையிலிருந்தே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் தூசி பிடித்த அந்த வினாத்தாள்களுக்கு உண்மையில் இங்கேதான் வேலை. சிங்கள–தமிழ் அகராதி, எளிய சட்ட விளக்கங்கள், தச்சு, மின்னிணைப்பு போன்ற கைத்தொழில் புத்தகங்கள், அப்புறம் கதைகள். கதைகளைக் குறைத்துவிடாதீர்கள். திருத்தும் நோக்கத்தோடு ஒழுக்கப் புத்தகமாகவே அடுக்கினால் யாரும் தொடமாட்டார்கள்.

கண் தெரியாதவர்கள், வீட்டோடு இருப்பவர்கள்

பெரிய எழுத்தில் அச்சான தமிழ்ப் புத்தகம் கிடைப்பது அரிது. சிறுவர் புத்தகத்தில் எழுத்துப் பெரிது என்று அதைக் கொடுத்தால் சிலர் கோபிப்பார்கள்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு முயல்குட்டிக் கதை கொடுத்தால் வேறென்ன செய்வார்? ஒரு டப்லெட் இருந்தால் வழி பிறக்கும். 2005இலிருந்து இயங்கும், "நூலகம்" என்றே பெயர்கொண்ட நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்கள், பழைய சஞ்சிகைகள், கல்லூரி மலர்கள் என்று ஏராளம் இலவசமாகக் கிடக்கின்றன. இரண்டு விரலால் விரித்தால் எழுத்து வேண்டியளவு பெரிதாகும். தன் பாடசாலையின் பழைய மலரில் தன் பெயரைக் கண்டுபிடித்த ஒருவர் பிறகு டப்லெட்டைத் திருப்பித் தருவது சந்தேகம். பார்வை அற்றவர்களுக்காகப் புத்தகத்தை ஒலி வடிவிலோ பிரெயிலிலோ மாற்ற வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் வந்தது. இலங்கை 2016இல் அதில் சேர்ந்தது. நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நல்ல குரல் உள்ள இரண்டு பேர் இருந்தால், வாரம் ஒரு மணித்தியாலம் இல்லத்தில் வாசித்துக் காட்டுவதற்கு உடன்படிக்கை எதுவும் தேவையில்லை.

வீட்டோடு இருக்கும் மூத்தோருக்கு வழி இன்னும் சிறியது. இருக்கும் அட்டையில் இன்னொருவர் புத்தகம் எடுத்துவர நூலகர் சம்மதிப்பாரா என்று கேட்டு, ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்து வையுங்கள். பேரப்பிள்ளை ரியூசனுக்குப் போகும் வழியில் மாற்றிவருவான். ஒரே ஒழுங்கையில் நாலைந்து பேர் இருந்தால் ஊர் வாசிகசாலையில் பெட்டியை வைக்கச் சொல்லலாம். கிராம மட்ட முதியோர் சங்கம் கடிதம் எழுதினால் போதும். யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுத்ததில் முளைத்து, அடுத்த ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகத்தோடு திறந்ததுதான்.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாள் கணக்கு வந்தாலும் சரி, பாதீட்டுக் காலம் வந்தாலும் சரி, மேசையில் போடுவதற்கு அந்த முத்திரைதான் இருக்கும்.