ரெயின்கோட்டை எங்கே வைக்கிறது அண்ணே?

“அண்ணே, ஹேண்டில் இடது பக்கம் பாதிக்கு மேல திரும்ப மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே ஒரு தம்பி பட்டறைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழு ஃபேரிங், அதாவது உடம்பை மூடும் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்போர்ட்ஸ் பைக். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, விழுந்த தடமும் இல்லை. ஹேண்டில் பேரிங் போயிருந்தால் இரண்டு பக்கமும் சிக்கும். இது இடதில் மட்டும், அதுவும் மெத்தென்று போய் நிற்கிறது. இரும்போடு இரும்பு முட்டினால் அப்படி நிற்காது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேரிங்குக்கும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே நீல நிறத்தில் ஏதோ துணி. இழுக்க இழுக்க ஒரு முழு ரெயின்கோட் வெளியே வந்தது.

மீட்டருக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறதே என்று சுருட்டிச் செருகி வைத்திருக்கிறார். ஏதோ ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது அது நழுவி ஃபோர்க் பக்கம் இறங்கிவிட்டது. நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது இது தெரியவே தெரியாது, அந்த வேகத்தில் ஹேண்டில் திரும்புவதே கொஞ்சம்தான். மெதுவாக யூ-டர்ன் அடிக்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். இவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. நல்லவேளை, காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார்.

“சரி, அப்ப ரெயின்கோட்டை எங்கதான் வைக்கிறது அண்ணே?” என்றார். நியாயமான கேள்விதான். ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். மீதிப் பேர் கேட்காமலே எங்காவது செருகிவிட்டு, பிறகு பழுதோடு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் இடம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வெளியே பெட்ரோல் டேங்க் மாதிரி தெரிவதன் முன்பாதி, பல வண்டிகளில் டேங்கே கிடையாது. அதற்கு அடியில் இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். 1990இல் கவாசாகி இசட்எக்ஸ்-11 வந்ததிலிருந்து, முகப்பு வழியாகக் காற்றை நேரே ஏர் பாக்ஸுக்குள் தள்ளும் ராம் ஏர் அமைப்பு இந்த வகை வண்டிகளில் பரவிவிட்டது. ஆக, முன்பக்கம் பொந்து மாதிரி தெரிவது பெரும்பாலும் இன்ஜின் மூச்சு விடும் வழி. பின்பக்கம் வால் மெலிந்திருக்கும். சில வண்டிகளில் அந்த வாலுக்குள்ளேயே சைலன்சர் போகும். 1994இல் வந்த டுகாட்டி 916, 2003இன் ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர், 2004இன் யமஹா ஆர்1 எல்லாம் அப்படித்தான். இதற்கு நேர்மாறாக, 2012இல் வந்த ஹோண்டா என்சி700எக்ஸில் டேங்கை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, டேங்க் இருக்கவேண்டிய இடத்தில் முழு ஹெல்மெட் நுழையும் பெட்டியே வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் வண்டியிலும் எங்காவது ஒரு மூலை இருக்கும் என்று தேடுவது மனித இயல்பு.

தேடுங்கள். ஆனால் ஒரு இடைவெளியைப் பார்த்ததும் முதலில் அது எதற்காக விட்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஏதாவது அசைகிறதா, காற்று போகிறதா, சூடு வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வண்டி நிற்கும்போது பின் டயருக்கும் வாலின் அடிப்பகுதிக்கும் நடுவில் நிறைய இடம் தெரியும். பின் சக்கரம் பள்ளத்தில் 120 மில்லிமீட்டர் வரை மேலே ஏறும், அந்த இடம் அதற்கானது. அங்கே பை கட்டியவரின் பை டயரில் தேய்ந்து ஓட்டையாகி, உள்ளே இருந்த சாமான் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்த கதை எனக்குத் தெரியும். ஃபேரிங்குக்குள் ரேடியேட்டர் பக்கம் துணி வைத்தால் இன்ஜின் கொதிக்கும். டேங்குக்கு அடியில் எதையாவது அமுக்கினால் பெட்ரோல் ஹோஸோ காற்று போகும் ஹோஸோ மடங்கி, காரணம் தெரியாமல் வண்டி நின்று நின்று போகும்.

சீட்டுக்கு அடியில்தான் உண்மையான இடம். அங்கேயும் சும்மா போட்டு அடைக்க முடியாது.

மேடு பள்ளத்தில் மட்டும் ஆஃப் ஆகிற வண்டி ஒன்று வந்தது. இரண்டு நாள் தேடினேன். பிளக், பெட்ரோல் பம்ப், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. கடைசியில் பின்சீட்டைத் திறந்து டூல் பையை எடுத்தபோது, அதற்கு அடியில் பைக்கு வெளியே ஒரு 12-14 ஸ்பேனர் தனியாகக் கிடந்தது. அதன் வாய் வயரிங் கொத்தின் மேல் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஆடி ஆடி, மேல் டேப்பை அறுத்து, வயரின் தோலையும் அறுத்திருந்தது. உள்ளே செம்பு மினுமினுவென்று தெரிந்தது. வண்டி குதிக்கும்போதெல்லாம் ஸ்பேனர் அந்தச் செம்பையும் பக்கத்து பிராக்கெட்டையும் சேர்த்துத் தொடும், இன்ஜின் ஆஃப் ஆகும், பிறகு விலகும். இது பேட்டரி டெர்மினலில் நடந்திருந்தால் இவ்வளவோடு முடிந்திருக்காது. உங்கள் வண்டியில் பேட்டரியும் சீட்டுக்கு அடியில்தான் என்றால், பாசிட்டிவ் டெர்மினல் மேல் சிவப்பு மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒருமுறை கழற்றிய மூடியைத் திரும்பப் போட மறப்பது எங்கள் தொழிலில் சகஜம், நானும் மறந்திருக்கிறேன்.

அதனால் இரும்புச் சாமான் எதுவும் தனியாகக் கிடக்கக் கூடாது. நான் என் வண்டிக்குச் செய்திருப்பதைச் சொல்கிறேன். கம்பெனி டூல்கிட்டில் பாதி எனக்கு ரோட்டில் தேவைப்பட்டதே இல்லை. என் வண்டியின் போல்ட்டுகளை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். ரோட்டோரமாக நானே கழற்றக்கூடியவற்றுக்கு மூன்று ஆலன் கீ, ஒரு 8-10 ஸ்பேனர், முனை மாற்றும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். பின் ஆக்சில் நட்டுக்கான பெரிய ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டேன், செயின் டைட் பண்ணுவது வீட்டு வேலை. இன்சுலேஷன் டேப்பை உருளையாக எடுத்துப் போவதில்லை, ஸ்க்ரூ டிரைவர் பிடியின் மேல் பத்துச் சுற்று சுற்றி வைத்திருக்கிறேன். பழைய டியூபை வளையமாக வெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பழைய பனியன் துணியில் உருட்டியிருக்கிறேன். ஆடாது, சத்தம் போடாது, கை துடைக்கத் துணியும் ஆயிற்று. மொத்தமும் ஒரு தண்ணீர் பாட்டிலைவிடச் சின்னது.

பஞ்சர் கிட் வாங்குபவர்களுக்கு ஒன்று. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்றை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். அகலமான பின் டயருக்கு அது காணாது, மூன்று நான்காவது வேண்டும். அதற்கு, பேட்டரியில் ஓடும் குட்டி பம்ப் ஒன்றே இடத்துக்கு லாபம். செயின் ஸ்ப்ரே மாதிரியான டப்பாக்களை வாலுக்குள் வைக்கவே வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருப்பார்கள். கறுப்பு சீட், வெயில், பக்கத்திலேயே பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும், சூடாகும் ரெக்டிஃபயர், சில வண்டியில் சைலன்சரும். பவர் பேங்கும் அதே கதைதான்.

நனைந்த ரெயின்கோட்டையும் அப்படியே உள்ளே போடாதீர்கள். பல வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவும் பியூஸ் பாக்ஸும் அங்கேதான் இருக்கின்றன. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் காற்றை வெளியேற்றித் தட்டையாக மடித்தால் ரெயின்கோட் பாதியாகச் சுருங்கும். சட்டையையும் பேண்ட்டையும் தனித்தனியாக மடித்தால் மூலைகளில் அடங்கும். எல்லாம் வைத்த பிறகு சீட்டை மெல்ல அழுத்தினாலே பூட்ட வேண்டும். உட்கார்ந்து அமுக்கித்தான் பூட்டுகிறது என்றால் ஏதோ ஒன்றை வெளியே எடுங்கள். அந்த அழுத்தம் முழுக்கச் சின்னக் கொக்கி ஒன்றின் மேல் போகிறது. கொக்கி வளைந்தால் சீட் ஓட்டத்தில் பறக்கும், இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. இரண்டாவது வகையைத் திறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பின்சீட்டில் ஆள் ஏற்றாதவர்கள் அந்த சீட்டுக்குப் பதில் கூன் மாதிரி இருக்கும் சிங்கிள் சீட் கவுல் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கூன் உள்ளே காலி, ஒரு ஜோடி கிளவுஸும் ரெயின்கோட்டும் தாராளமாகப் போகும்.

இதற்கு மேல் இடம் வேண்டும் என்றால் வெளியேதான். கனமானது டேங்க் பையில், லேசானது வால் பையில். பின் ஆக்சிலுக்கு அப்பால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை லேசாக்கும். காந்தம் வைத்த டேங்க் பை வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை டேங்க் மேல் வைத்துப் பாருங்கள். அலுமினியமோ பிளாஸ்டிக் மூடியோ என்றால் ஒட்டாது. அந்த வண்டிகளுக்கு, பெட்ரோல் மூடியைச் சுற்றி ஸ்க்ரூவில் மாட்டும் வளையம் கிடைக்கிறது. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பை, இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சை அமுக்கி நடு வளைவில் இன்ஜின் நின்றுபோன வண்டி பார்த்திருக்கிறேன்.

வால் பையில் எனக்குப் பயம் தருவது பை அல்ல, அதன் வார். இறுக்கிய பிறகு தொங்குகிற வால் துண்டு காற்றில் படபடவென்று அடித்து, செயினுக்கோ சக்கரத்துக்கோ போனால் அடுத்து என்ன என்று சொல்லத் தேவையில்லை. மீதி வாரைச் சுருட்டி டேப் ஒட்டுங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது, மாட்டும்போது தெறித்தால் கண். சைலன்சர் பக்கம் கைப்பிடி அளவாவது இடைவெளி விடுங்கள். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள், எந்தப் பையும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். எவ்வளவு ஏற்றலாம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நீங்களும் பின்னால் உட்காருபவரும் சேர்த்தி.

முதுகுப் பையில் பூட்டு, ஸ்பேனர் மாதிரி கெட்டியானதை வைக்காதீர்கள். விழுந்தால் அது நேரே முதுகெலும்பில் இறங்கும்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு வருவோம். பின்சீட்டைத் திறக்கச் சொன்னேன். பாலிஷ் பாட்டில் ஒன்று, காய்ந்துபோன துணி மூன்று, உடைந்த இண்டிகேட்டர், பழைய நம்பர் பிளேட்டின் பாதி, எங்கேயோ வாங்கிய சாவிக்கொத்து இரண்டு. எல்லாவற்றையும் எடுத்து பெஞ்சில் வைத்தோம். ரெயின்கோட்டைத் தட்டையாக மடித்து உள்ளே வைத்து, டூல் பையை ஓரமாக நிறுத்தி, சீட்டை ஒரு விரலால் அழுத்தினேன். டக்கென்று பூட்டியது. அவர் பெஞ்சைப் பார்த்தார். “நம்பர் பிளேட்டை மட்டும் எடுத்துக்கிறேன் அண்ணே” என்றார்.