பத்து மூன்று நாற்பது: வேலைக்கு நாள் குறிக்கும் கணக்கு

பழைய டேட்டாபேஸில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் புதியதுக்கு மாற்ற வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், செய்யப்போகிறவர் மூன்று நாள் என்பார். அதில் பொய்யில்லை. இந்த மாதிரி வேலை பெரும்பாலும் மூன்று நாளில்தான் முடிந்திருக்கும். எல்லாம் கைகூடி வந்தால் இரண்டே நாள். ஆனால் பிறந்த தேதியைச் சிலர் நாள், மாதம் என்றும் சிலர் மாதம், நாள் என்றும் பதிந்து வைத்திருந்தால், அதைப் பிரித்தெடுக்கவே ஒரு வாரம் போய்விடும். மொத்தம் பத்து நாள்.

2, 3, 10. மூன்றுக்குக் கீழே ஒரு நாள்தான் மிச்சம் பிடிக்க முடியும், மேலே ஏழு நாள் இழுக்கலாம். எந்த வேலைக்கும் இதற்குக் குறைந்து முடியாது என்று ஓர் அளவு உண்டு. தாமதத்துக்கு அப்படி எந்த எல்லையும் கிடையாது. இந்த மாதிரி வேலைகள் எத்தனை நாளில் எத்தனை தடவை முடிந்தன என்று படமாக வரைந்தால் இடப்பக்கம் செங்குத்தாக ஏறி, வலப்பக்கம் நீண்ட வாலோடு இறங்கும். இந்த வடிவத்தில் முகடும் (அதாவது அதிகத் தடவை நேர்ந்த நாள் கணக்கும்) சராசரியும் ஒரே இடத்தில் இருக்காது, வால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாம் வாயால் சொல்வது முகடு. காலண்டரில் வந்து நிற்பது சராசரி.

இதற்கு 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் ஒரு வழி கண்டார்கள். பெர்ட் என்று பெயர். நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று மூன்றையும் கேட்டு, நடு எண்ணை மட்டும் நான்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். நம் வேலைக்கு 2, 12, 10 கூட்டினால் 24. ஆறால் வகுத்தால் 4 நாள். திட்ட விலக்கத்துக்கு, அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவுக்கு, பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுப்பார்கள்: 8-ஐ 6-ஆல் வகுக்க, சுமார் 1.33 நாள். இந்த ஆறு ஒன்றும் இயற்கை விதி அல்ல. இயல்நிலைப் பரவல் என்னும் மணி வடிவப் படத்தில் சராசரிக்கு இருபுறமும் மும்மூன்று திட்ட விலக்கம் போனால் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிடும் என்பதை வைத்துச் செய்துகொண்ட சௌகரியம், அவ்வளவுதான்.

சரி, இப்படிப்பட்ட பத்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று நாள் என்று கேட்டு வாங்கிய மேலாளர் முப்பது நாள் என்று எழுதிக்கொள்வார். எதிர்பார்க்க வேண்டியதோ நாற்பது. திட்ட விலக்கத்தை அப்படியே கூட்டக் கூடாது, அதன் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்; 4.2 வரும். முப்பது என்பது நாற்பதிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அதற்குள் முடிய நூற்றில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. பத்துப் பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த வர்க்கமூலத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பத்துப் பேரும் தனித்தனியே ஒரு திட்ட விலக்கம் சேர்த்துச் சொன்னால் 53 நாள் ஆகும். மொத்தத்துக்குச் சேர்த்து ஒரே ஒரு தடவை கூட்டினால் 44 போதும். ஒன்று இழுத்தால் இன்னொன்று சீக்கிரம் முடிந்து ஈடுகட்டும் என்பதால், பாதுகாப்பு நாட்களைப் பொதுவில் வைப்பதுதான் லாபம்.

ஆனால் இது வேலைகள் ஒன்றையொன்று பாதிக்காதபோதுதான் செல்லும். பத்துக்கும் அதே ஒருவர்தான் அனுமதி தரவேண்டும், அவரோ விடுப்பில் போய்விட்டார் என்றால் பத்தும் சேர்ந்தே நழுவும். எல்லாம் ஒரே போக்கில் அசைந்தால் அந்த 4.2 நாள் 13.3 ஆகிவிடும். இந்தக் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம், ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள். ஐந்து குழுக்களும் முடித்தால்தான் சோதனையைத் தொடங்க முடியும். ஒவ்வொரு குழுவும் குறித்த நாளில் முடிக்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. ஐந்தும் சேர்ந்து முடிக்கும் வாய்ப்பு 0.8-ஐ ஐந்து தடவை பெருக்கினால் வருவது: சுமார் 33 சதவீதம். முந்தி முடித்த குழுவால் பயனில்லை, கடைசியாக வருகிறவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும். பழைய பெர்ட் கணக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளில் மிக நீண்ட ஒரு வரிசையை மட்டுமே பார்த்ததால் இதைக் கோட்டைவிட்டது.

மோசமாகப் போனால் எத்தனை நாள் என்ற எண்ணும் நம்பகமானதல்ல. ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட 48.6 நாள்தானாம். உண்மையில் ஆனது 55.5 நாள்.

அதனால் இப்போது பலர் ஆளைக் கேட்பதோடு நிற்காமல் பழைய பதிவுகளையும் எடுக்கிறார்கள். முன்பு முடிந்த ஒவ்வொரு வேலையிலும், சொன்ன நாளைப் போல எத்தனை மடங்கு ஆனது என்று குறித்துக்கொள்வது. பிறகு அந்த மடங்குகளிலிருந்து குருட்டுவாக்கில் ஒன்றை எடுத்துப் புதுத் திட்டத்தின் ஒவ்வொரு வேலைக்கும் பொருத்தி, மொத்த நாளைப் பார்ப்பது. இதையே கணினி ஆயிரக்கணக்கான தடவை செய்யும். மான்டி கார்லோ முறை என்பது இதுதான். கையில் கிடைப்பது ஒரு தேதி அல்ல, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாய்ப்பு. எந்த அளவு வாய்ப்பை நம்பி நாள் குறிப்பது என்பதைக் கணினி சொல்லாது. தாமதமானால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.