அழற்சி: புண்ணின் சூட்டுக்கு ஒரு சொல்

விரலில் கத்தி பட்டு ஒரு நாள் ஆகியிருக்கும். வெட்டின் ஓரம் சிவந்து, லேசாக உப்பி, தொட்டால் பக்கத்து விரலைவிடச் சூடாக இருக்கும். மருத்துவர்கள் இதை ‘இன்ஃப்ளமேஷன்’ என்பார்கள். தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். ‘ஃபிளாம்மா’ என்றால் சுடர்.

தமிழில் இதற்குச் சரியான சொல் அழற்சி. அழல் என்றால் தீ. சுழல், சுழற்சி ஆவதுபோல அழல், அழற்சி ஆகிறது. மூட்டழற்சி, குடல்வால் அழற்சி எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். சிலர் ‘வீக்கம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது போதாது. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் இதற்குச் சொன்ன அடையாளங்கள் நான்கு: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ‘தொற்று’ என்பதோ வேறு சங்கதி. கிருமியே இல்லாத சுளுக்கிலும் அழற்சி வரும்.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? காயம்பட்ட இடத்தில் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் சுரந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலுக்குள்ளே 37 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடும் ரத்தம், அதைவிடக் குளிர்ந்திருக்கும் தோலுக்குக் கூடுதலாகப் பாய்கிறது. சூடும் கூடவே வந்துவிடுகிறது.

இனி எதிர்ப்பக்கம். கொதித்த நீர் ஆறும், கோபம் ஆறும், புண்ணும் ஆறும். மூன்றுக்கும் ஒரே வினை. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்று குறளிலேயே இருக்கிறது. அழன்றது ஆறுகிறது, சொல்லளவில் எவ்வளவு பொருத்தம்! ஆனால் இதை நம்பி, புண்ணைக் குளிரவைத்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். (தீக்காயம் பட்டவுடன் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது வேறு. அது திசுவில் தங்கிய சூட்டை இறக்க.) குளிர்ந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஆக்சிஜன் வரத்து குறையும். வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல அந்த ஆக்சிஜன்தான் வேண்டும்.

1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 200 பேரில் ஒரு பாதியினரை மட்டும் கதகதப்பாக வைத்திருந்தார்கள். அவர்களில் 6 சதவீதத்தினருக்குக் காயத்தில் தொற்று வந்தது; மற்றவர்களில் 19 சதவீதம். சிகிச்சை முடிந்தபோது இரு குழுவினரின் சராசரி உடல் வெப்பம் 36.6, 34.7. இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை.